டேலி ஆகாவிட்டால் என்ன?

“எடுத்த கணக்கை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதே” என்று சி.ஏ. இறுதித் தேர்வு எழுதுவோருக்கு உபதேசம் செய்கிறார்கள். கேட்க வீரமாக இருக்கிறது, மதிப்பெண்தான் வராது.

கணக்கியல் தாளுக்கு 3 மணி நேரம், 100 மதிப்பெண். அதாவது மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 14 மதிப்பெண் கேள்விக்கு 25 நிமிடம். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று இன்னொரு 20 நிமிடம் வித்தியாசத்தைத் தேடினால் மிஞ்சிப்போனால் ஓரிரு மதிப்பெண் தேறும். பறிபோவது தெரிந்த இன்னொரு கேள்வி. ஒர்க்கிங் நோட்டுகள் சரியாக இருந்தால் விடை பிசகினாலும் படிநிலை மதிப்பெண் உண்டு. எழுதாத பக்கத்துக்கு யார் போடுவார்?

“பிழையை விட்டுவிட்டு நகர்கிறவர் நாளை எப்படி ஒழுங்காகத் தணிக்கை செய்வார்?” என்றும் கேட்கிறார்கள். தணிக்கையாளர் எல்லா வவுச்சரையும் புரட்டுவதில்லை. எது பெரிது, எங்கே ஆபத்து என்று பார்த்து நேரத்தைப் பிரிக்கிறார். எஸ்.ஏ. 320 தணிக்கைத் தரநிலை பேசுவதே இந்த முக்கியத்துவ அளவைத்தான். அதைப் பாடமாகப் படித்துவிட்டு, தேர்வறையில் மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

முழுமையை வீட்டுப் பயிற்சியில் தேடுங்கள். தேர்வில் 25 நிமிடம் முடிந்ததும் தாளில் இடம் விட்டு அடுத்த கேள்விக்கு நகருங்கள்.