வடம் பிடிக்க ஜேசிபி

"இப்ப ஆர் சாதி பாக்கினம்? அதெல்லாம் இயக்கத்தின்ரை காலத்திலேயே ஒழிஞ்சு போச்சு." கோயில் நிருவாகத்திடம் நியாயம் கேட்கப் போகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் முதல் பதில் இதுதான். இரண்டாவது பதிலும் தயாராக இருக்கும்: "இதைக் கிளறி எங்கடை ஒற்றுமையைக் குலைக்காதையுங்கோ." அண்மையில் ஒரு திருவிழாக் கூட்டத்திலும் படித்த பெரியவர் ஒருவர் இதையே சொல்ல, சபை தலையாட்டியது.

அப்படியானால் 2018 ஜூனில் வரணியில் நடந்தது என்ன? கண்ணகை அம்மன் கோயில் தேர் வடத்தை ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்கள் பிடித்துவிடக் கூடாதென்று, ஜேசிபியைக் கொண்டுவந்து தேரை இழுத்தார்கள். மண் கிண்டும் இயந்திரம் அம்மனின் தேரை இழுக்கலாம். அயல்வீட்டுப் பிள்ளை இழுக்கக் கூடாது. சாதி ஒழிந்த ஊருக்கு ஜேசிபி எதற்கு?

சமத்துவம் ஓர் அடி வைத்தபோதெல்லாம் இங்கே மறிக்க ஆள் இருந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற பேச்சு எழுந்தபோது, எதிர்த்தவர்களில் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1930ஐ ஒட்டிப் பாடசாலைகளில் சம ஆசனம் வந்தபோது பள்ளிக் கொட்டில்களுக்குத் தீ வைத்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி அடியார்களை மறித்து நின்றார் சி. சுந்தரலிங்கம். அவர் கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. படிப்பறிவற்றவர்களின் பிழை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

இது கோயில் வீதியோடு முடிகிற விடயமல்ல. வடத்தில் ஒருவரின் கை படுவதையே பொறுக்காதவர்கள், அதே கை இடும் புள்ளடியை எப்படி மதிப்பார்கள்?

கட்சிகளைப் பாருங்கள். தமிழருக்குச் சமவுரிமை கேட்டு ஜெனீவாவரை போகிறார்கள். ஊருக்குத் திரும்பி வேட்பாளர் பட்டியல் போடும்போது எந்த வட்டாரத்தில் எந்தச் சாதி வாக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போதும் "அவை எந்தப் பகுதி ஆக்கள்?" என்ற விசாரணை ஊருக்கு வருகிறது. சிங்களப் பேரினவாதத்தைக் கண்டிக்கும் அதே வாய்தான் இதையும் கேட்கிறது.

1957ஆம் ஆண்டுச் சட்டம் 1971இல் திருத்தப்பட்டது. வழிபாட்டில் எவரையும் சாதி சொல்லித் தடுக்கும் நிருவாகத்தின்மீது பொலிஸார் அதன்கீழ் வழக்குப் போடட்டும். ஒற்றுமை பற்றிப் பேசும் கட்சித் தலைவர்கள் வரணிக்குப் போய், அந்தத் தேர்முட்டியடியில் நின்று, நடந்தது அநியாயம் என்று ஒலிவாங்கியில் சொல்லட்டும்.