விருந்தாளியாக வைக்காதீர்கள், வேலை கொடுங்கள்

ஈரோடு பக்கம் கீழ்பவானிப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிறேன். 34 வருஷம் வங்கியில் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு மண்ணுக்கு வந்தவன். பயிர்க்கடன் நூற்றுக்கணக்கில் கொடுத்திருக்கிறேன், அந்த நாளில் ஒரு நாற்றுகூட நட்டதில்லை. ஆகவே இங்கே சொல்லப் போகும் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

என் தங்கை மகள் கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருஷம் டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தாள். அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த வாரங்களில் வளாகம் முழுக்கத் திருவிழாதானாம். சீனியர் மாணவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களுக்குத் துண்டுச் சீட்டு கொடுத்து, "எங்க சங்கத்துல சேருங்க" என்று கூப்பிடுகிறார்கள். டென்னிஸ், பாட்டு, மலையேற்றம், தேநீர்ச் சடங்கு என்று இல்லாத சங்கமே இல்லை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் சர்க்கிள். ஜப்பானிய வாயில் அது 'சாக்குரு' ஆகிவிடுகிறது. மதிப்பெண் கிடையாது. மாணவர்களே சந்தா போட்டு, மாணவர்களே நடத்துகிறார்கள்.

இவள் சேர்ந்தது ஒரு விவசாய சர்க்கிளில். டோக்கியோவுக்குப் பக்கத்து மாநிலமான சிபாவில், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல் வயல்கள் உண்டு. டிராக்டர் திரும்ப முடியாத சின்னச் சின்ன வயல்கள். அங்கே ஒரு வயதான தம்பதியின் நிலத்துக்கு இந்தப் பிள்ளைகள் மாதம் இரண்டு முறை போய் வேலை செய்கிறார்கள்.

என் தங்கைக்கு ஒரே ஆத்திரம். "படிக்கப் போன புள்ள அங்கயும் போயி சேத்துல எறங்கோணுமா?" என்றாள். கூடப் போன மற்ற மாணவர்கள் கடைகளில் பகுதிநேர வேலைக்குப் போனார்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வரை அப்படிச் சம்பாதிக்கலாம். இவளோ ரயிலுக்குச் சொந்தக் காசு போட்டு வயலுக்குப் போனாள்.

ஆனால் மே மாத நடவு முடிந்ததும் போன் செய்தபோது குரலில் சுரத்தே இல்லை. "மாமா, எல்லாரும் ரொம்ப மரியாதையா இருக்காங்க. ஆனா என்னை ஒண்ணுமே செய்ய விடமாட்டேங்கறாங்க. ஒரு வரிசை நட்டேன், போட்டோ எடுத்தாங்க, அப்புறம் வரப்புல உட்கார வெச்சு டீ குடுத்துட்டாங்க." அவர்களுடைய கைப்பேசிக் குழுவில் ஓடும் ஜப்பானிய மொழியில் பாதி இவளுக்குப் புரியவில்லை. மூன்று முறை போய்வந்த பிறகு விட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டாள். நானும், "விடு கண்ணு, படிப்பைப் பாரு" என்றேன். தப்பான யோசனை. நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு சீனியரிடம் போய், "எனக்கும் ஒரு பொறுப்பு கொடுங்க" என்று கேட்டிருக்கிறாள். கொடுத்தது கருவிக் கணக்கு. சாயங்காலம் எல்லா அரிவாளையும், மண்வெட்டியையும், களைக்கருவியையும் எண்ணி, கழுவி, கொட்டகையில் மாட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் ரயிலுக்குக் கிளம்ப முடியாது. அன்றிலிருந்து எல்லோரும் அவளிடம் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒருநாள் களைக்கருவியின் பல்லில் சேறு காய்ந்து கிடந்ததைப் பார்த்து அந்த வீட்டுப் பாட்டி சத்தம் போட்டுவிட்டாராம். அன்று ராத்திரி போனில் சொன்னாள்: "இன்னிக்குத்தான் மாமா நான் சங்கத்துல சேந்தேன்!"

அந்தக் கருவியின் படத்தையும் அனுப்பியிருந்தாள். நம்மூரில் தள்ளுகிற உருளைக் களைக்கருவியேதான். 1950-களில் 'ஜப்பான் முறை நெல் சாகுபடி' என்று அரசாங்கம் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தபோது பரவியது. அதோடு அம்மோனியம் சல்பேட்டும் சேர்ந்து வந்தது என்பது வேறு கதை. செப்டம்பரில் கையால் அறுத்து, கதிர்க்கட்டுகளை மரச்சட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கிடைத்தது. அதுதான் சம்பளம்.

அந்தத் தம்பதி ஏன் இந்தப் பிள்ளைகளைச் சகித்துக்கொள்கிறார்கள்? 2020 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் விவசாயத்தையே முக்கியத் தொழிலாகச் செய்பவர்களின் சராசரி வயது 67.8. அடுத்து வயலில் இறங்க ஆள் இல்லை. நம் ஊர்க் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும் தலைகளைப் பாருங்கள், நரைக்காத தலை எத்தனை? என் மகன்கூட, "அப்பா, உங்களுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறான். எதைப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும்.

ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நம்மில் பலர் படித்த நூல். 1975-ல் ஜப்பானிய மொழியில் வந்தது. அவருடைய மலைத்தோட்டத்தில் குடிசை போட்டுத் தங்கி வேலை செய்த வெளியூர், வெளிநாட்டு இளைஞர்களில் லாரி கார்ன் என்ற அமெரிக்கரும் ஒருவர். 1978-ல் அந்த நூல் ஆங்கிலத்தில் வந்ததற்கு அவர் முக்கியக் காரணம். அந்த இளைஞனுக்குத் தேநீர் கொடுத்து வழியனுப்பியிருந்தால், அந்த நூல் நம் கைக்கு வந்திருக்குமா?

இனி என் கதை. போன தை மாதம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து 22 பேர் வந்தார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். பஞ்சகவ்யா, அமுதக்கரைசல் என்று ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு பையன் மண்வெட்டியைத் தொட்டான். "வேண்டாம் தம்பி, காலை வெட்டிக்குவே" என்று வாங்கி வைத்துவிட்டேன். குழுப்படம் எடுத்தோம், போய்விட்டார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எங்க ஆர்வம்" என்று நானே நாலு பேரிடம் குறைப்பட்டேன். ஆர்வத்தோடு வந்த கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கியவன் நான்.

எனக்கே இது தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கு வந்த முதல் வருஷம் எல்லோருக்கும் நான் 'மேனேஜர் சார்'. எங்கே போனாலும் நாற்காலிதான். ஒரு ராத்திரி முறைத்தண்ணீருக்கு மடையில் காவல் இருந்து, தூங்கிவிட்டேன். தண்ணீர் வேறு வயலுக்குப் போய்விட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் விடியவிடியத் திட்டினார். அன்றோடு 'சார்' போய் 'அண்ணா' வந்தது.

உபசாரம் நல்ல பழக்கம்தான். ஆனால் விருந்தாளி திரும்பிப் போகிறவர். தங்க வேண்டுமென்றால் பொறுப்பு வேண்டும், பிழை செய்ய இடம் வேண்டும், திட்டு வாங்கவும் உரிமை வேண்டும்.

கூலி மிச்சம் பண்ண இது வழியல்ல. பிள்ளைகள் நட்ட வரிசை கோணும், நாற்று மிதிபடும், நம் நேரமும் போகும். அதனால் அரை ஏக்கர் வேண்டாம், ஐந்து சென்ட் போதும். கடன் கொடுத்த பழக்கத்தில் நிபந்தனை சொல்கிறேன். ஒரு கல்லூரி, பத்துப் பிள்ளைகள், ஒரு போகம். விதை நேர்த்தி, நடவு, களை, அறுவடை என்று நான்கு முறையும் அதே பத்துப் பேர். ஆளுக்கு ஒரு பொறுப்பு. விளைந்ததில் அவர்களுக்குப் பங்கு.

ஆகஸ்டில் வாய்க்காலில் தண்ணீர் விடும்போது என் ஐந்து சென்ட் தயாராக இருக்கும். மண்வெட்டியைத் தொட்ட அந்தப் பையனின் எண்ணைக் கல்லூரியில் கேட்டு வாங்கிவிட்டேன். கருவிக் கணக்கு அவனுக்குத்தான்.