மாலை வேண்டாம், வேலை கொடுங்கள்!



எங்கள் எதிர் வீட்டு மருமகள் நன்றாகப் படித்த பெண். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், "சும்மா டி.வி. முன்னால உட்காரப் பிடிக்கலக்கா. நாலு பேருக்கு உபயோகமா ஏதாவது செய்யணும்" என்று ஆசைப்பட்டு, ஊரில் உள்ள ஒரு சேவைச் சங்கத்தில் சேர்ந்தாள். போன வாரம் பார்த்தால், "இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்கிறாள்.

என்ன நடந்ததாம்? முதல் கூட்டத்தில் மாலை, சால்வை, பேட்ஜ், போட்டோ எல்லாம் தடபுடலாக நடந்திருக்கிறது. இரண்டாவது கூட்டத்தில், "உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்?" என்ற ஒரு கேள்வியோடு சரி, யாரும் அவளிடம் பேசவில்லை. மூன்றாவது கூட்டத்தில் குத்துவிளக்குக்குப் பொட்டு வைக்கவும், காபி கொடுக்கவும் கூப்பிட்டிருக்கிறார்கள். நடுவில், பதவியேற்பு விழாவுக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் பட்டுப்புடவை எடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் தகவல் வேறு! "காபி கொடுக்க நம்ம வீடு போதாதாக்கா?" என்று அவள் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஒரு சங்கத்தில் சேர்ந்து, மூன்றே மாதத்தில் ஓடிப்போக இருந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது மாலையும் இல்லை, சால்வையும் இல்லை. ஒரு கண் சிகிச்சை முகாம்!

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அது போன்ற ஆஸ்பத்திரிகள் கிராமங்களில் முகாம் போடும்போது, டாக்டர், லென்ஸ், ஆபரேஷன் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம் பிடிப்பது, ஊர் ஊராகத் தகவல் சொல்வது, வந்தவர்களை வரிசையில் உட்கார வைத்துப் பெயர் எழுதுவது எல்லாம் உள்ளூர் சங்கங்களின் பொறுப்பு. அன்றைக்கு எங்கள் சங்கத்து மூத்த அக்கா ஒருவர் என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, "பேர் எழுதறது மட்டும் உன் வேலை இல்லம்மா. யாராவது ஆபரேஷன் வேணாம்னு எழுந்து போனா, ஏன்னு கேளு" என்றார்.

அப்படி எழுந்து போனவர் ஒரு பாட்டி. இரண்டு கண்ணிலும் புரை. "பயப்படுது, விட்டுடுங்க" என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக விசாரித்தேன். "பயமெல்லாம் இல்ல தாயி. மதுரைக்குப் போனா ரெண்டு மூணு நாளு ஆகும்கிறாக. என் நாலு ஆட்டுக்குத் தண்ணி காட்ட யாரு இருக்கா?" என்றார். அவ்வளவுதான் விஷயம்! பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசி ஆடுகளை ஒப்படைத்தோம். பாட்டி பஸ் ஏறினார். மறு பரிசோதனைக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்து, "நீதானா அந்தக் குரலு?" என்று கன்னத்தைத் தடவினார். அன்று முடிவு செய்தேன், இந்தச் சங்கத்தை விட்டு நான் போவதில்லை என்று.

யோசித்துப் பாருங்கள். ஆட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று யோசிக்கப் பட்டமும் பதவியும் தேவையில்லை. வீட்டைப் போட்டுவிட்டு ஒரு நாள் வெளியூர் போவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த ஒரு இல்லத்தரசி போதும்.

ஆனால், இந்தச் சங்கங்களின் கதவு நமக்குச் சும்மா திறக்கவில்லை தோழியரே. ரோட்டரி 1905-லும் லயன்ஸ் 1917-லும் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பிறந்தவை. எழுபது, எண்பது வருடங்களுக்கு இரண்டிலும் ஆண்கள் மட்டுமே உறுப்பினர். 1977-ல் கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் ரோட்டரி சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்துக் கொண்டது. அந்தக் 'குற்றத்துக்காக' மறு வருடமே அந்தச் சங்கத்தை வெளியேற்றிவிட்டார்கள்! அவர்கள் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-ல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே வருடம் லயன்ஸும், 1989-ல் உலகம் முழுவதும் ரோட்டரியும் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. லயன்ஸுக்கு 2018-லும் ரோட்டரிக்கு 2022-லும் பெண்களே உலகத் தலைவர்களாக வந்துவிட்டார்கள்.

இவ்வளவு போராடித் திறந்த கதவு வழியாக உள்ளே போய், மறுபடியும் காபி தட்டை ஏந்துவதா?

போலியோவையே எடுத்துக் கொள்ளுங்கள். ரோட்டரி அதை ஒழிக்க 1985-ல் கிளம்பியது. நம் நாட்டில் கடைசியாகப் போலியோ வந்தது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழே வாங்கிவிட்டோம். அரசாங்கமும் சங்கங்களும் சேர்ந்து செய்த வேலைதான். ஆனால் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எது சொட்டு மருந்துக்கு வரவில்லை என்று வாசல் வாசலாகப் போய்க் கேட்டவர்களில் எத்தனை பேர் அங்கன்வாடிப் பெண்களும் நர்ஸம்மாக்களும்! பெண்களை வைத்துக் கொண்டு எதைச் சாதிக்கலாம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அதனால் சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக ஒரு பெண் வந்தால், சந்தா எவ்வளவு, அதற்கு மேல் என்னென்ன செலவு வரும் என்பதை முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவளோடு துணைக்குப் போக, பழைய உறுப்பினர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால், அடுப்படி வேலையை யார் பார்ப்பது? நேரத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். முக்கியமாக, முதல் மாதத்திலேயே அவளை நம்பி ஒரு உருப்படியான பொறுப்பைக் கொடுங்கள்.

நம் தோழியருக்கும் ஒன்று. எடுத்ததும் பணத்தைக் கட்டிவிடாமல், ஒன்றிரண்டு கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள். போன வருடம் என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கணக்கையும் கேளுங்கள், தப்பில்லை. பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். ஒரு சங்கம் சரியில்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள். சேவை செய்கிற ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எதிர் வீட்டு மருமகளை, வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்காக ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டேன். காலையில் போடும் மாலை, மாலைக்குள் வாடிவிடும். கையில் கொடுத்த வேலை வாடுமா?

என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, மதுரை மாவட்டம்