மேடை ஏறாத பெண்



போன மாதம் எங்கள் பேட்டை ஹைஸ்கூலில் பரிசளிப்பு விழா நடந்தது. அண்டை வீட்டுக்காரி என்ற முறையில் எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்து மணி அடித்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பில் குக்கர் ஏறும், அவ்வளவு பக்கம். போகாமல் இருக்கலாமா? நல்ல புடைவையாக ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு, ஐந்து மணிக்கே போய் இரண்டாவது வரிசையில் இடம் பிடித்துவிட்டேன்.

விழா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஷாமியானா, ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’, வரவேற்புப் பாட்டு, முக்கால் மணி தாமதமாக வந்து சேர்ந்த தலைவர், ‘நேரம் ஆகிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்து அவர் பேசிய நாற்பது நிமிஷம் - எல்லாம் கிரமப்படி நடந்தேறின. பிறகு பரிசுகள். மேஜை மேல் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்களும் தம்ளர்களும் புஸ்தகங்களும் அடுக்கியிருந்தன. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்குக்கு முதல் பரிசு, தமிழுக்கு முதல் பரிசு, விஞ்ஞானத்துக்கு முதல் பரிசு என்று ஏழு தடவை மேடை ஏறி இறங்கினாள். ஐந்தாவது தடவை அவள் கையில் இடமில்லை. தோழி ஒருத்தி ஓடி வந்து வாங்கி வைத்துக்கொண்டாள். கூட்டம் சிரித்துக் கை தட்டியது. நானும்தான் தட்டினேன். உழைத்துப் படித்த பெண். அவள் பேரில் யாருக்கு என்ன வருத்தம்?

கடைசியாக, ஜூன் முதல் ஜனவரி முடிய ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்கிறவளின் மகள் அங்கே ஒன்பதாவது படிக்கிறாள். படிப்பில் நடுத்தரம். ஆனால், “இந்தப் பரிசு மட்டும் எனக்குத்தாம்மா” என்று ஆடி மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு பேரைக் கூப்பிட்டார்கள். அவள் பெயர் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, அவளும் மற்றவர்களுக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது, “ஏண்டி, உன் பேரைக் காணோமே?” என்று கேட்டேன்.

“ரெண்டு நாள் குறைஞ்சு போச்சும்மா.”

“எப்போ?”

அவள் தன் செருப்பைப் பார்த்தாள். “தீபாவளிக்கு முன்னாடி எங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சில்ல... அப்போ.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த இரண்டு நாளும் அவள் எங்கே இருந்தாள் என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து என் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்த சமயம். “அம்மாவுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்” என்று அவள் வாசலில் நின்றபோது, ‘அப்பாடா!’ என்று தோன்றியதே தவிர, ‘இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டே’ என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்து மணி என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. போகும்போது நூறு ரூபாயும் ஒரு பொட்டலம் மிக்சரும் கொடுத்து, “நீ கெட்டிக்காரப் பெண்” என்று புகழ்ந்தும் அனுப்பினேன். நமக்கு எவ்வளவு தாராள மனசு என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு!

அன்றிலிருந்து இந்தப் பரிசு விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் விசாரித்தும் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 14 கல்வி வட்டாரங்களைச் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள். சிலருக்கு, ‘வருகிற மாதம் ஒரு நாளும் தவறாமல் வந்தால் உனக்கு விருது’ என்று முன்கூட்டிக் கடிதம் போனது. சிலருக்கு, ‘இன்ன மாதத்தில் ஒரு நாளும் தவறாமல் வந்தாய், இதோ விருது’ என்று பின்னால் போனது. 2021-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? முன்கூட்டிச் சொன்னதால் மொத்தத்தில் பலன் ஒன்றும் இல்லை. பின்னால் விருது பெற்ற பிள்ளைகளோ அடுத்த மாதம் முன்னைவிட அதிகமாக மட்டம் போட்டார்கள்! ‘நாம்தான் தேவைக்கு மேலேயே வந்துவிட்டோம் போலிருக்கிறது’ என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சி செய்தவர்கள்.

இதைக் கேட்டுவிட்டுப் பரிசே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு டிபன் பாக்ஸைக் காட்டி ஒரு தாயாரின் காய்ச்சலை இறக்க முடியாது என்கிறேன். பிள்ளையை வீட்டோடு நிறுத்தி வைக்கிற காரணம் எதுவோ, அதைப் பிடித்து இழுத்து அப்புறப்படுத்த வேண்டும். நம்முடைய ஊரில் பெரியவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

1920-லேயே சென்னை நகரசபை, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு மத்தியான ஆகாரம் கொடுக்க ஏற்பாடு செய்தது. 1956-ல் காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மதிய உணவு மாகாணம் எங்கும் பரவத் தொடங்கியது. 1958-லிருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று ஊர்க்காரர்களையே தரச் செய்தார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-ல் அது 15 வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. ‘ஒழுங்காகப் பள்ளிக்கு வா, பரிசு தருகிறேன்’ என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. ‘வா, சாப்பிடு’ என்றார்கள். பிள்ளைகள் வந்தார்கள்.

சைக்கிள் விஷயமும் அப்படித்தான். பீகாரில் 2006-ல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் ஏற்பட்டது. அதைக் கணக்கெடுத்துப் பார்த்த இரண்டு பொருளாதார அறிஞர்கள், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை அதனால் 32 சதவிகிதம் கூடியது என்று 2017-ல் எழுதினார்கள். அந்தப் பெண்களுக்குப் படிக்க ஆசை இல்லாமலா இருந்தது? ஆசை இருந்தது, பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

சரி, உதவி செய்துவிட்டால் போதுமா? செய்கிற விதம் ஒன்று இருக்கிறதே!

நான் எட்டாவது படித்தபோது எங்கள் பள்ளியில் ஏழைப் பெண்களுக்கு இலவச நோட்டுப் புஸ்தகம் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் எப்படிக் கொடுத்தார்கள்? ஒரு பிரமுகரை அழைத்து, பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போட்டோவும் பிடித்தார்கள். என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருத்தி அதில் உண்டு. ஒவ்வொரு நாளும் நெற்றியில் சாந்துப் பொட்டும், தலையில் ஒற்றை ரோஜாவுமாக மகாராணி போல வருவாள். அன்று நோட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தவள் சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை. மறுநாள் வரவில்லை. நாலு நாள் கழித்து வந்தபோது தலையில் ரோஜா இல்லை. அந்த நோட்டின் அட்டைக்கு மேலே காலண்டர் தாளை மடித்து ஒட்டியிருந்தாள். அட்டையில் கொடுத்தவரின் பெயர் அச்சிட்டிருந்தது.

சீருடை என்று ஒன்றை ஏற்படுத்தியதே, யார் பணக்காரி, யார் ஏழை என்று வகுப்பில் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே? துணியால் மூடியதை மைக்கால் திறந்து காட்டலாமா?

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, விழா முடிந்த மறு வாரம் பள்ளித் தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். என் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. “உங்கள் வீட்டில் மட்டுமா? கல்யாண சீஸனில் ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சுகள் காலியாக இருக்கும். தங்கையைப் பார்த்துக்கொள்ள, தண்ணீர் பிடிக்க, ரேஷன் கடையில் நிற்க - பெண்கள்தான் நின்றுவிடுகிறார்கள்” என்றார்.

“முதல் மார்க் வாங்குகிறவர்களுக்கே எல்லாப் பரிசையும் கொடுக்கிறீர்களே?” என்று கேட்டேன்.

“எங்களுக்கு மட்டும் வேறு விதமாகக் கொடுக்க ஆசை இல்லையா? பணம் கொடுக்கிறவர்கள், ‘என் தகப்பனார் நினைவாகக் கணக்கில் முதல் மார்க்குக்கு’, ‘என் தாயார் நினைவாகத் தமிழில் முதல் மார்க்குக்கு’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நாற்பத்தைந்திலிருந்து அறுபதுக்கு வந்தவளுக்கு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே!”

நியாயந்தானே? பத்தாவது, பிளஸ் டூ பரீட்சைகளில் மாநில ‘ராங்க்’ பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நாம்தான் நம் பரிசு மேஜையில் அதை இன்னும் கட்டிக் காக்கிறோம்.

என் தாயார் பேரில் நானும் ஒரு பரிசு வைக்கிறேன் என்றேன். “வீட்டில் கஷ்டம் இருந்தும் விடாமல் படிக்கிறவளுக்கு” என்று நான் ஆரம்பித்ததும் தலைமை ஆசிரியை கையமர்த்தினார். “அதை மேடையில் படிக்கவா? வேண்டாம். ‘காலாண்டுப் பரீட்சையிலிருந்து அதிகமாக முன்னேறியவள்’ என்று மட்டும் எழுதுங்கள். அவளுடைய கஷ்டம் எங்களுக்குத் தெரிந்தால் போதும்” என்றார். எவ்வளவு பெரிய வார்த்தை! காலண்டர் தாள் ஒட்டிய நோட்டு எனக்கு ஞாபகம் வந்தது. பரிசை மேடையில் கொடுக்க வேண்டும். உதவியை மேடைக்குப் பின்னால் கொடுக்க வேண்டும். அன்று நான் படித்துக்கொண்ட பாடம் இது.

உதவிகளைப் பற்றியும் விசாரித்தேன். எட்டாம் வகுப்பில் எழுதுகிற மத்திய அரசின் உபகாரச் சம்பளப் பரீட்சை ஒன்று 2008-லிருந்து இருக்கிறது. அரசாங்கப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகளுக்கானது. பெற்றோரின் வருஷ வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேற்படக் கூடாது. தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000! ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசாங்கப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. எட்டாவது படிக்கிற பிள்ளையின் தாயார் நம் வீட்டில்தான் வேலை செய்கிறாள். அவளுக்கு இதை எடுத்துச் சொல்ல நமக்கு எத்தனை நேரம் ஆகும்? அந்தப் பெண்ணுக்கு முதல் பரீட்சையின் காலம் கடந்துவிட்டது. தம்பி ஏழாவது படிக்கிறான். அவனுடைய படிவத்தை நிரப்பும்போது கூட இருந்து பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு வாசலில் அந்தப் பெண் நின்றாள். சீருடையில் இல்லை. “எங்கம்மாவுக்குக் கையில நரம்பு பிடிச்சுக்கிச்சு. நான் வந்திருக்கேன்” என்றாள்.

அன்றும் தொட்டி நிறையப் பாத்திரம்தான். “உங்கம்மாவைப் படுத்து எழுந்திருக்கச் சொல்லு. சம்பளத்தில் பிடிக்க மாட்டேன். நீ போய்ச் சீருடை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடு” என்றேன். அவள் நம்பாமல் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நிஜமாகவே ஓடினாள்.

பாத்திரங்களை நானும் என் வீட்டுக்காரருமாகத் தேய்த்தோம். அவர் ஒரு தம்ளரை மூன்று தடவை தேய்த்துவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “எனக்கு ஒரு பரிசும் கிடையாதா?” என்று கேட்டார். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. குக்கர் அன்று இன்னும் அடுப்பில் ஏறவில்லை. ஏறாவிட்டால் என்ன?