எழுத்துக்கு ஒரு விடுமுறை



பல்கேரியாவில் மே 24 அரசு விடுமுறை. எதற்கு? எழுத்துக்கு! எழுத்து தந்த சிரில், மெத்தோடியஸ் சகோதரர்களின் படங்களுக்கு மலர் சூட்டிக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் 9ஆம் நூற்றாண்டுக்காரர்கள்.

நம் செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல்லோ 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தியின் பெயரோடு, கள்ளர்களைக் கடித்த நாய் கோவிவன் பெயரையும் வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். நாயின் நன்றியையும் எழுதி வைத்த மண் இது!

வேங்கிக்காலில் இருந்துகொண்டே, நடுகல்லுக்கு வினா விடை எழுத வைத்தேனே தவிர, ஒரு பிள்ளையையும் அழைத்துப்போய்க் காட்டவில்லை. அது என் தவறு. நீங்கள் செய்யாதீர்கள். செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் நிறைய. அரசு விடுமுறை வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள்.