பழுப்புக் கவருக்குள் வெள்ளிப் படலம்

திருவிடைமருதூர், ஆடுதுறை, கும்பகோணம் பக்கம் பாரம்பரிய அரிசியும் சிவப்பு அவலும் விற்கும் கடைகளில் பழுப்புத் தாள் கவர் நிலைத்துவிட்டது. அடி அகன்று நிமிர்ந்து நிற்கும். வாயில் ஜிப் இருக்கும். முகப்பில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று ஒரு ஸ்டிக்கர். வாங்குகிறவர் பிளாஸ்டிக் இல்லாமல் வாங்கிய நிம்மதியோடு போகிறார். விற்கிறவரும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறார்.

இந்த இதழைப் படிக்கும் உற்பத்தியாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் கவர் ஒன்றை வெட்டி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் விரலால் தேய்த்தால் தாள் கூழாக உரியும். அடியில் ஒரு படலம் அப்படியே நிற்கும். வெள்ளியாக மின்னினால் அது உலோகப் பூச்சு ஏற்றிய பாலியெஸ்டர்; உள்பக்கம், சூட்டில் ஒட்டுவதற்காக ஒரு பாலிஎத்திலீன் அடுக்கு. தாளையும் படலத்தையும் பசை பிடித்திருக்கிறது. இனி எந்த ஆலையும் அவற்றைப் பிரித்து எடுக்கப்போவதில்லை.

சட்டமும் இதைத் தெளிவாகவே பார்க்கிறது. 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டு விதிகளில் பிளாஸ்டிக் பேக்கிங் நான்கு வகை. முழுக்கப் பிளாஸ்டிக்காலான மெல்லிய பை இரண்டாம் வகை. பிளாஸ்டிக்கோடு தாளோ அலுமினியமோ ஒட்டியிருந்தால் மூன்றாம் வகை. நாம் ‘இயற்கை’ என்று விற்கும் கவர் இந்த மூன்றாம் வகையில்தான் வருகிறது. பழைய பேப்பர் கடைக்காரரிடம் கேட்டால் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். கழுவிக் காயவைத்த பால் கவரை எடை போட்டு எடுத்துக்கொள்வார். பழுப்புக் கவரைக் கையால் தொட மாட்டார். குப்பைக் கிடங்குக்குப் போகும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் சிமெண்ட் ஆலைச் சூளைக்குப் போகும்.

2019 ஜனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது; 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மக்கள் மனம் உண்மையிலேயே மாறியது. அந்த மாற்றத்துக்கு நாம் திருப்பிக் கொடுத்தது தாளின் நிறத்தை மட்டும்தான் என்றால், அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பேக்கிங் வடிவமைப்பைக் கவரிலிருந்து தொடங்கக் கூடாது, பண்டம் எதனால் கெடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இதை நம் வட்டாரத்தில் வெற்றிலைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலைக்கு எதிரி வறட்சி. அதனால் கவுளிகளை ஈர வாழைப்பட்டையில் அடுக்கிக் கட்டுகிறார்கள். பட்டையின் ஈரமே இலையை வாடாமல் காக்கிறது. அவலுக்கு நிலைமை நேர் எதிர். ஈரம் ஏறினால் நமுத்துப் போகும். தவிடு போகாத சிவப்பு அவலுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து வறுக்கும்போது கொழுப்பைச் சிதைக்கும் நொதி செயலிழந்துவிடும். ஆனால் தட்டிப் பரப்பிய அவலில் எண்ணெய் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. ஆக்சிஜனும் வெளிச்சமும் சேர்ந்தால் சிக்கு வாடை வரத்தான் செய்யும்.

ஈரத்தைத் தடுப்பது எளிது. பாலிப்ரோப்பிலீன் படலம் ஒன்றே அதை நன்றாகச் செய்யும். ஆக்சிஜனைத் தடுப்பதில்தான் அது பலவீனம். அங்கேதான் உலோகப் பூச்சு உள்ளே நுழைகிறது. ஆனால் எத்தனை நாளுக்குத் தடுக்க வேண்டும்? லேபிளில் ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று அச்சடிக்கும் ஆசைதான் வெள்ளிப் படலத்தைக் கேட்டு வாங்குகிறது. திருவிடைமருதூரில் தட்டிய அவல் கும்பகோணத்தில் பத்து நாளில் விற்றுத் தீர்கிறதென்றால், அதற்கு ஒன்பது மாதப் பாதுகாப்பு எதற்கு? தேதியைக் குறையுங்கள். மாதம் இருமுறை தட்டுங்கள். பேக்கிங் தானாக இளைக்கும்.

ஒரே பண்டத்துக்கு ஒரே பேக்கிங் என்ற பழக்கத்தையும் கைவிட வேண்டும். உள்ளூரில் டப்பாவிலிருந்து அளந்து வாடிக்கையாளர் பாத்திரத்திலோ மஞ்சப்பையிலோ போடலாம். சென்னைக்குக் கூரியரில் போவதற்கு, முழுக்க ஒரே பிளாஸ்டிக்காலான ஒற்றை வகைப் படலப் பை. கப்பலேறுவதற்கு மட்டும் கூடுதல் தடுப்பு. அன்றே தின்னும் புட்டுக்கும் கொழுக்கட்டைக்கும் வாழை இலை இருக்கவே இருக்கிறது. மேலே செய்தித்தாளைச் சுற்றாதீர்கள். அச்சு மை காரணமாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிமுறைகள் அதைத் தடுத்திருக்கின்றன.

மக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சோளம், கரும்பிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலப் படலம் ஈரத்தை எளிதாக உள்ளே விடும். ஐப்பசி அடைமழையில் அதில் வைத்த அவலை நினைத்துப் பாருங்கள். அது மக்குவதற்கும் 58 டிகிரி அளவு வெப்பம் நிற்கும் தொழில்முறை உரக்கூடம் வேண்டும். கொல்லை எருக்குழி போதாது. அவலுக்கு இதை இப்போது நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

பிறகு ஏன் எல்லோரும் பழுப்புக் கவருக்கே போகிறார்கள்? அறியாமை மட்டும் காரணமில்லை. சொந்தமாகப் படலம் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். அச்சகம் குறைந்த அளவு ஆர்டரை எடுக்காது. பழுப்புக் கவரோ கடையில் நூறு நூறாகக் கிடைக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டினால் வேலை முடிந்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் வேறு என்ன செய்ய முடியும்? ஆகவே தனித்தனியே திணறாமல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அச்சில்லாத பாலிப்ரோப்பிலீன் பையை மொத்தமாக வாங்க வேண்டும். பெயர், நிகர எடை, விலை, தயாரித்த தேதி எல்லாவற்றையும் வெளியே செருகும் தாள் உறையில் அச்சிடலாம். உறை வெளிச்சத்தை மறைக்கும். பசை இல்லாததால் வீட்டில் கையாலேயே கழற்றி, தாளைத் தாளோடும் பையைப் பையோடும் போட்டுவிடலாம். பிளாஸ்டிக் பை மேல் தாள் ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கத்தை விடுங்கள்; மறுசுழற்சியில் அந்தத் தாள் இழைகள் படலத்தைக் கெடுக்கின்றன.

நம் பக்கத்திலேயே ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. நெல் பதன ஆய்வில் வேர்விட்டு வளர்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் தஞ்சாவூரில் இருக்கிறது. அவர்களிடம் இந்த இதழ் வைக்கும் கோரிக்கை ஒன்றே. சிவப்பு அவல், சத்துமாவு, தீட்டாத அரிசி மூன்றையும் ஒற்றை வகைப் படலப் பைகளில் போட்டு, குளிரூட்டிய ஆய்வகத்தில் வைக்காமல் சாதாரணக் கடை அலமாரியில், ஐப்பசி முதல் தை வரை வைத்துப் பாருங்கள். எத்தனையாவது நாளில் நமுக்கிறது, எத்தனையாவது நாளில் வாடை வருகிறது என்ற பட்டியலைத் தமிழில் தாருங்கள். பக்கம் எத்தனை ஆனாலும் முழுமையாக வெளியிடுகிறோம்.