மானத்தைக் கெடுப்பது நிர்வாகமாகுமா?

தோழர்களே! தொழிலாளியைக் கையால் அடித்தால் அது குற்றம். அதே தொழிலாளியைப் பத்துப் பேர் முன்னிலையில் தினம் வைது, செய்த வேலையைப் பிடுங்கி, மூலையில் உட்கார வைத்து, ஊர் ஊராய் மாற்றி, தானாகவே ராஜினாமா எழுதும்படி செய்தால் அதற்குப் பெயர் நிர்வாகத் திறமையாம்! இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

பிரஞ்சு தேசத்தில் நடந்ததைக் கவனியுங்கள். பிரான்ஸ் டெலிகாம் என்னும் டெலிபோன் கம்பெனியார் மூன்று வருஷத்திற்குள் 22,000 பேரைக் குறைப்பதென்று திட்டமிட்டார்கள். பெரும்பாலோர் சர்க்கார் ஊழியர் அந்தஸ்துள்ளவர்களாதலால் அவர்களை நீக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே, தாங்களாகவே ஓடிப்போகும்படி துன்புறுத்தினார்கள். "ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ" போகச் செய்வேனென்று தலைமை அதிகாரி தீதியே லொம்பார் 2006-ல் அதிகாரிகள் கூட்டத்திலேயே சொன்னார். பின்னர் கோர்ட்டு விசாரித்த 39 பேர் விஷயத்தில், 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 12 பேர் முயன்று பிழைத்தவர்கள். மற்ற 8 பேர் மனமொடிந்து நோயில் விழுந்தவர்கள்.

வேலையிடத்தில் மனத்தைத் துன்புறுத்துவது குற்றமென்று அங்கு 2002-லேயே சட்டமிருந்தது. தொழிலாளர் சங்கம் துணிந்து பிராது கொடுத்தது. 2019 டிசம்பரில் லொம்பாருக்குச் சிறைத் தண்டனையும் 15,000 யூரோ அபராதமும், கம்பெனிக்கு 75,000 யூரோ அபராதமும் விதிக்கப்பட்டன. 2022-ல் அப்பீல் கோர்ட்டு சிறைவாசத்தை நிறுத்தி வைத்ததே யொழிய, குற்றம் இல்லையென்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் உச்ச கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஒரு மேலதிகாரியின் வசவு மாத்திரமல்ல, கம்பெனியின் திட்டமே துன்புறுத்தலானாலும் அது குற்றந்தான் என்று இதனால் ஏற்பட்டது.

நம் நாட்டின் யோக்கியதை என்ன? வேலையிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை கொடுப்பதைத் தடுக்க 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு நெறி வகுத்தது. அதைச் சட்டமாக்கவே 2013 வரை 16 வருஷம் பிடித்தது. மற்றபடி ஆணாயினும் பெண்ணாயினும், வேலையிடத்தில் மனத்தை வதைப்பதே குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் இங்கில்லை.

கேட்டால், "மனக்காயத்தை எந்தத் தராசில் நிறுப்பது?" என்கிறார்கள். நல்லது. பெரிய மனிதர் ஒருவரைப் பத்திரிகையில் ஒரு வார்த்தை எழுதிவிட்டால், தம் மானத்திற்கு இத்தனை லட்சம் நஷ்டமென்று வழக்குப் போடுகிறாரே, அந்தத் தராசு எங்கிருந்து வந்தது? முதலாளி மானத்திற்குத் தராசு உண்டு, குமாஸ்தா மானத்திற்கு இல்லையா?

இன்னும் சிலர், பகலெல்லாம் வைதுவிட்டு மாலையில் தியான வகுப்பு வைக்கிறார்கள். செருப்பு கடித்தால் செருப்பை மாற்றுவதா, காலுக்குப் பொறுமை உபதேசிப்பதா?

ஆகவே தோழர்களே, வாய்மொழி உத்தரவை எழுத்தில் கேளுங்கள். நடந்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். தனியே அழாமல் சங்கத்தில் சேருங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், இதற்குச் சட்டம் எங்கே என்று கேளுங்கள். சம்பளம் நாம் செய்யும் வேலைக்குக் கூலியே தவிர, நம் மானத்திற்கு விலையல்ல.